அவிலா தெரேசாவின் நான்கு தண்ணீர்கள்

தெரேசா என்றதும் நம் ஊரில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவர் கல்கத்தா அன்னை தெரேசாதான். கொஞ்சம் யோசித்தால், "சிறுமலர்" என்று எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் தந்த குழந்தை தெரேசாள் (1873-1897) நினைவுக்கு வருவார். அன்னை தெரேசா தன் துறவறப் பெயரை எடுத்துக்கொண்டது இவரிடமிருந்து. இந்தக் குழந்தை தெரேசாள் வாழ்ந்த பிரான்சு நாட்டு மடமோ, இன்னொரு தெரேசா சீர்திருத்திய கார்மேல் சபையைச் சேர்ந்தது. அந்த மூத்த தெரேசா 1515-ல் ஸ்பெயின் நாட்டில் பிறந்தவர். மனித ஆன்மாவைத் தோட்டமாகவும், செபத்தை அதற்குப் பாய்ச்சும் தண்ணீராகவும் வைத்து அவர் எழுதிய சில அத்தியாயங்களின் கதை இது.

தோட்ட உவமை கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல. விவிலியம் தொடங்குவதே ஏதேன் தோட்டத்தில். இயேசு தன்னைத் திராட்சைக் கொடி என்றும் தந்தையைத் தோட்டக்காரர் என்றும் சொன்னார். உயிர்த்த இயேசுவைக் கண்ட மகதலா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். தெரேசாவும் தன் உவமையைச் சொந்தச் சரக்கு என்று சொல்லிக்கொள்ளவில்லை. எங்கோ படித்தது அல்லது கேட்டது, எங்கே என்று ஞாபகம் இல்லை என்று எழுதிவிடுகிறார்! ஆனால் அவர் பார்வை பூவிலும் கனியிலும் நிற்கவில்லை, தண்ணீர் மீது போனது. அதற்குக் காரணம் இருக்கிறது.

அவர் வளர்ந்த அவிலா, கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே உள்ள காஸ்டீல் பீடபூமி நகரம். மழை குறைவு, கோடையில் நிலம் காய்ந்து கிடக்கும். அங்கே தோட்டம் போடுகிறவனுக்கு முதல் கவலை தண்ணீர்.

இரண்டாவது காரணம் அவருடைய வாழ்க்கை. 1535-ல், இருபது வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சில வருடங்களிலேயே கடும் நோய். 1539-ல் நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தார். இறந்துவிட்டதாகவே எண்ணி மடத்தில் குழி தோண்டி வைத்துவிட்டார்கள். பிழைத்து எழுந்தபின் கிட்டத்தட்ட மூன்று வருடம் சரியாக நடக்க முடியவில்லை. உடம்பு தேறியது, மனம் தேறவில்லை. ஏறக்குறைய பதினெட்டு வருடங்கள் செபத்தில் ஒரே வறட்சி என்று அவரே சொல்கிறார். செபிக்க உட்கார்ந்தால் கடவுளை நினைப்பதை விட, நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காது கொடுத்துக்கொண்டிருப்பாராம். (வகுப்பறையில் உட்கார்ந்த எவருக்கும் இது புரியும்.)

1554 வாக்கில், காயப்பட்ட இயேசுவின் சிலை ஒன்றின் முன் அவர் மனம் உடைந்து அழுததிலிருந்து வறட்சி மாறத் தொடங்கியது. ஆனால் புதுச் சிக்கல் வந்தது. காட்சிகள் தெரிவதாகவும் குரல் கேட்பதாகவும் அவர் சொன்னபோது, ஆலோசனை சொன்ன சில குருக்கள் இது பிசாசின் வேலை என்றார்கள். அன்றைய ஸ்பெயினில் இது விளையாட்டு விஷயமல்ல. விசாரணை மன்றத்தின் காலம் அது. மௌன செபம், உள்ளொளி என்று பேசியவர்கள் மீதெல்லாம் சந்தேகம், அதுவும் பெண்கள் என்றால் இன்னும் அதிகம். தெரேசாவின் தாத்தா யூத மதத்திலிருந்து மாறியவர்; 1485-ல் தொலேதோ நகரில் அதே மன்றத்தின் தண்டனை பெற்று, அவமான உடை அணிந்து கோயில் கோயிலாக ஊர்வலம் போனவர். இந்த விவரம் 1940-களில்தான் பழைய ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது.

1559-ல் விசாரணை மன்றம் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டது. மக்கள் மொழியில் இருந்த பல பக்தி நூல்களும் அதில் அடக்கம். தெரேசாவுக்கு லத்தீன் தெரியாது. அவர் விரும்பிப் படித்த புத்தகங்கள் ஒரே நாளில் குற்றப் பொருளாகிவிட்டன. மனம் நொந்துபோனதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த நிலையில்தான் உன் அனுபவத்தை எழுதிக்கொடு என்று குருக்கள் கட்டளையிட்டார்கள். படித்துத் தீர்ப்பு சொல்லப்போகிறவர்கள் இறையியல் படித்த ஆண்கள். 1562-ல் முதல் வடிவத்தையும் 1565-ல் இப்போது கிடைக்கும் வடிவத்தையும் முடித்தார். செபத்தை விளக்க வேண்டிய இடம் வந்ததும், ஒரு உவமை இல்லாமல் முடியாது, பெண் என்பதால் தவிர்க்கத்தான் நினைத்தேன் என்று மன்னிப்பு கேட்கும் தொனியில் ஆரம்பிக்கிறார். பிறகு பதினோராம் அத்தியாயத்திலிருந்து இருபத்தொன்று வரை அந்தத் தோட்டம்தான்!

நிலம் மோசமானது, களை மண்டியது. களையைப் பிடுங்கி நல்ல செடி நடுவது கடவுள். அவை வாடாமல் தண்ணீர் விடுவது நம் வேலை. தோட்டத்துக்கு உரியவர் வந்து உலாவி மகிழ வேண்டும். தண்ணீர் விட நான்கு வழி.

முதல் வழி, கிணற்றிலிருந்து கையால் இறைப்பது. செபத்தில் இறங்கும் புதியவர்களின் நிலை இது. கை வலிக்க வலிக்க இறைத்தாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். இரண்டாவது, "நோரியா" என்ற சக்கரம். அரபு மொழியிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த பெயர் அது. சக்கரத்தைச் சுற்றினால் வரிசையாகக் கட்டிய கலயங்கள் தண்ணீரை மேலே கொண்டு வரும். உழைப்பு குறைவு, தண்ணீர் அதிகம். தானே சில தடவை சுற்றியிருப்பதாக போகிற போக்கில் சொல்கிறார் தெரேசா. மூன்றாவது ஆறு அல்லது ஓடை. மண் நன்றாக நனைந்து ஈரம் நிற்கும்; அடிக்கடி பாய்ச்ச வேண்டியதில்லை, மடை திருப்பிவிட்டால் போதும். நான்காவது மழை. தோட்டக்காரன் செய்ய ஒன்றுமே இல்லை.

ஏற்றமும் கமலையும் வாய்க்காலும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். படி ஏற ஏற மனிதனின் உழைப்பு குறைகிறது, கடவுளின் பங்கு கூடுகிறது. பண்டிதர்கள் பெரிய பெரிய சொல் வைத்து வாதிட்ட விஷயத்தை, ஒரு தோட்டத்து வேலையாளுக்கும் புரியும்படி எழுதிவிட்டார்.

பலரும் வியப்பது நான்காவது தண்ணீரை. உண்மையில் இந்த உவமையின் உயிர் முதல் தண்ணீரில் இருக்கிறது. நாள் கணக்காக வாளியை இறக்கியும் கிணற்றில் தண்ணீர் இல்லை என்றால் தோட்டக்காரன் என்ன செய்வான்? தோட்டம் அவனுடையதல்ல, பேரரசருடையது. அவருக்காகக் கிணற்றடிக்குப் போனதே அவன் வேலை என்கிறார். அவன் தன்னால் ஆனதைச் செய்தால், தண்ணீர் இல்லாமலே செடிகளைக் காப்பது கடவுள் பொறுப்பு. பதினெட்டு வருடம் வெறும் வாளி இழுத்தவர் சொல்வதால் இதில் போலி ஆறுதல் இல்லை. வறட்சியைத் தோல்வி என்று எண்ணிச் செபத்தை விட்டவர்களுக்கு (அவரே ஒரு காலத்தில் விட்டவர்தான்) எழுதியது இது.

1562-ல் அவிலாவில் அவர் தொடங்கிய சிறிய சூசையப்பர் மடத்தில் நிஜக் கிணறும் தோட்டமும் இருந்தன. கிணற்றுத் தண்ணீர் மோசம். சரிசெய்யக் கூப்பிட்ட ஆட்கள், வீண் செலவு என்று சிரித்தார்கள். ஒரு கன்னியரின் நம்பிக்கையை ஏற்று வேலையைச் செய்தார், நல்ல குடிநீர் கிடைத்தது. அதே கன்னியரிடம்தான் ஒருநாள், சாப்பாட்டில் வந்த அழுகின வெள்ளரிக்காய் ஒன்றைக் கொடுத்து, தோட்டத்தில் நடு என்றார் தெரேசா. கீழ்ப்படிகிறாளா என்று பார்க்கும் சோதனை. அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி: நேராக நடவா, படுக்க வைத்தா? படுக்க வைத்து என்றார். அப்படியே நட்டுவிட்டு வந்தாள்!

கையெழுத்துப் பிரதியின் கதை இவ்வளவு சிரிப்பானதல்ல. எபோலி இளவரசி என்ற செல்வாக்கான பெண்மணி அதை வாங்கிப் படித்தார், வீட்டாரோடு சேர்ந்து கேலி செய்தார். பிறகு தெரேசாவோடு மனத்தாங்கல் வந்தபோது விசாரணை மன்றத்தில் புகார் கொடுத்தார். 1575-ல் தொமினிக்கன் இறையியலாளர் தோமிங்கோ பான்யெஸ் நூலைப் பரிசீலித்து, பெரும்பாலும் சாதகமாகவே எழுதினார். ஆனாலும் பிரதி மன்றத்திடமே தங்கிவிட்டது. தெரேசா 1582 அக்டோபர் 4 இரவில் இறந்தார். (நாட்காட்டி மாற்றத்தால் ஸ்பெயினில் மறுநாள் அக்டோபர் 15!) அதுவரை அவர் கைக்கு அது திரும்பி வரவில்லை.

1588-ல் சலமான்காவில் அவருடைய நூல்கள் அச்சேறின. பதிப்பித்தவர் லூயிஸ் தெ லெயோன் என்ற அகஸ்தினார் சபைத் துறவி. அவரும் அதே விசாரணை மன்றத்தால் ஏறக்குறைய ஐந்து வருடம் சிறையில் இருந்தவர். 1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் தெரேசாவைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். பெண்களில் அந்தப் பட்டம் முதலில் பெற்றவர் அவரே. அவர் தன் கையால் எழுதிய பிரதி, இரண்டாம் பிலிப் மன்னர் கட்டிய எஸ்கோரியல் நூலகத்தில் இருக்கிறது.