நிறமற்றதற்கு ஒரு நிறப்பெயர்

பெட்ரோலில் கலந்திருக்கும் ஹைட்ரோகார்பன்கள் பல நூறு, பெரும்பாலும் நிறமற்றவை. அவற்றை இனம் பிரித்துக் காட்டும் முறைக்கோ ‘குரோமட்டோகிராபி’ என்று நிறத்தைச் சுமந்த பெயர். கிரேக்கத்தில் ‘குரோமா’ நிறம், ‘கிராபைன்’ எழுதுதல். குரோமாவின் பழம்பொருளைத் தேடினால் தோலும் தோலின் நிறமும் வந்து நிற்கும். உடலையும் அதன் நிறத்தையும் ஒருசேரச் சுட்டும் நம் ‘மேனி’க்கு அயலூரில் ஓர் உறவு!

வார்சாவில் பணியாற்றிய தாவரவியலர் மிகயில் ஸ்வெட், சுண்ணப் பொடி நிறைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாக இறங்கக் கண்டு, 1906இல் இப்பெயரைச் சூட்டினார். ரஷ்ய மொழியில் ‘ஸ்வெட்’ என்றாலும் நிறமே. தம் கையொப்பத்தையே பெயருக்குள் ஒளித்தாரோ என்று ஐயுறுவோர் உண்டு. அவர் குழாயில் இறங்கிய கரோட்டின் ஒரு ஹைட்ரோகார்பன். அதை இறக்கிய பெட்ரோலிய ஈதரும் ஹைட்ரோகார்பன்களின் கலவை. எரிபொருளின் உறவு இச்சொல்லுக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

1952இல் ஆய்வாளர்கள் ஜேம்ஸும் மார்ட்டினும் வளிமக் குரோமட்டோகிராபியை வெளியிட்டபோது நிறம் உதிர்ந்து எழுத்து எஞ்சியது: ஒவ்வொரு கூறும் வெளிவர வெளிவர, பதிவுத்தாளின் கோட்டில் ஒரு படி உயர்ந்தது. நம் பாடநூல்களின் ‘வண்ணப்பிரிகை’யோ எழுத்தை விடுத்துப் பிரிவைப் பற்றிக்கொண்டது. இதுவே எனக்கு உவப்பானது. வண்ணம் வடசொல் வர்ணத்தின் வழிவந்தது என்பர். ஆனால் தமிழில் அது நிறத்தோடு நில்லாமல், ‘அவ்வண்ணம்’ என்கையில் தன்மையாகவும், தொல்காப்பியம் இருபதாக எண்ணும் செய்யுள் வண்ணங்களில் ஓசையாகவும் விரிந்தது. ஆகவே வண்ணப்பிரிகையைத் தன்மைவழிப் பிரிவு என்றும் கொள்ளலாம்.

எரிபொருளில் நிகழ்வதும் அதுதான். சிலிக்கா களி அடைத்த மெல்லிய குழாயில் பெட்ரோலை இட்டு, ஆல்கஹாலால் தள்ளினால், அதன் ஹைட்ரோகார்பன் வகைகளுள் இலத்தீனில் ‘பற்றுக் குறைந்தது’ எனப் பொருள்படும் பாரஃபின், பெயருக்கேற்பப் பற்றின்றி முன்னே ஓடும். ஒலிஃபின் அடுத்து வரும். அரோமேட்டிக் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். உடன் கலந்த ஒளிர்சாயங்கள் புறஊதா ஒளியில் முதல் எல்லையை மஞ்சளாகவும் அடுத்ததை நீலமாகவும் காட்ட, உதிர்ந்த நிறம் எல்லைக்கோடாகத் திரும்புகிறது. அவ்வெல்லைகளின் இடைநீளங்களை அளந்தே ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். இந்தியாவின் பிஎஸ் 6 பெட்ரோலில் அரோமேட்டிக் பங்கு 35 விழுக்காட்டைத் தாண்டலாகாது.