மீன்தொட்டி வால்வும் 195 குதிரைவலுவும்

2001இல் வந்த 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' படத்தின் தொடக்கத்தில் போல் வோக்கர் ஒரு பச்சைக் காரை ஓட்டுவார். மிற்சுபிஷி எக்லிப்ஸ். எங்கட பொடியள் கனபேருக்குக் கார்ப் பைத்தியம் பிடிச்சது அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான். வேடிக்கை என்னெண்டால், படத்தில ஓடின அந்தப் பிரதான காரில டர்போவே இல்லை. உள்ளே இருந்தது விலை குறைஞ்ச சாதாரண எஞ்சின்.

உண்மையான எக்லிப்ஸ் கதை படத்துக்குப் பத்து வருசம் முந்தியது. அதை எழுதினது ஹொலிவூட் இல்லை, கையில காசில்லாத அமெரிக்கப் பொடியள்.

1985இல் மிற்சுபிஷியும் கிறைஸ்லரும் கூட்டுச் சேர்ந்து டயமண்ட் ஸ்டார் என்றொரு கம்பனியைத் தொடங்கின. தொழிற்சாலை இலினோய் மாநிலத்தில், நோர்மல் என்ற ஊரில். (ஊரின்ர பெயரே அதுதான்.) அங்கேயிருந்து ஒரே உடம்போடு மூன்று பெயர்களில் கார் வந்தது: மிற்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டலோன், பிளிமத் லேசர். விலை கூடிய வகைகளில் 4ஜி63 என்ற நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின். இரண்டு லீற்றருக்கு மூன்று சி.சி. குறைவு. வார்ப்பிரும்பு புளொக்.

இந்த எஞ்சின் சந்தைக்குப் போற கார் எஞ்சின் மட்டுமில்லை. இதே 4ஜி63ஓட ஓடின கலன்ட் விஆர்-4, 1989இல் பின்லாந்தின் ஆயிரம் ஏரி றலியை வென்றது. பிறகு லான்சர் எவோவில் இதை வைத்துத்தான் டொமி மாகினன் 1996 முதல் 1999 வரை நாலு முறை தொடர்ந்து உலகச் சம்பியன் ஆனார். றலியில அடிவாங்கக்கூடிய எலும்பு அதுக்கு இருந்தது. ஆனால் கடையில் வாங்கின நாலு சக்கர இழுவைக் காருக்குக் கம்பனி கொடுத்தது 195 குதிரைவலுதான். அந்த நேரத்து மஸ்டாங் ஜிடியில் ஐந்து லீற்றர் வி8 எஞ்சின், 225.

மிச்ச வலு எங்கே? அது ஒரு சின்ன றப்பர் குழாயில் நின்றது.

டர்போ என்றால், வெளியே போற புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டில் இருக்கிற மற்றச் சக்கரம் காற்றை அமத்தி எஞ்சினுக்குள்ள தள்ளும். அமுக்கம் கிட்டத்தட்ட 11 பவுண்ட் வந்ததும் ஒரு கதவு திறந்து, புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தில் படாமல் வெளியே விடும். அமுக்கம் எவ்வளவு என்று அந்தக் கதவுக்குச் 'சொல்றது' மெல்லிய குழாய் ஒன்று. அந்தக் குழாயில கொஞ்சம் காற்றைக் கசியவிட்டால், கதவு ஏமாந்துபோய் மூடியே கிடக்கும். 11 பவுண்ட் 15 ஆகும். இதுக்குச் சிலர் பாவிச்சது மீன்தொட்டிக்குக் காற்று விடுற சின்ன வால்வு. விலை சில டொலர். அதோட அகலமான புகைக்குழாய் ஒன்றும் போட்டால், கால் மைலுக்கு 15 செக்கன் எடுத்த கார் 13 சொச்சத்துக்கு வரும். அதைவிட எவ்வளவோ விலை கூடின வி8 கார்க்காரர் சிக்னலில் வாய்பார்த்து நின்ற கதைகள் இப்பிடித்தான் பிறந்தன.

ஆனால் காற்றைக் கூட்டினால் பெற்றோலும் கூடவேணும். சில்லெடுப்பு அங்கேதான் தொடங்கியது. காரின்ர கணினி, தான் எதிர்பார்த்ததைவிடக் கூடக் காற்று வருகுதென்று கண்டால் பெற்றோலை நிப்பாட்டிவிடும். ஆரோ பின்னால பிடிச்சு இழுத்த மாதிரி கார் குலுங்கும். அது பாதுகாப்புக்குச் செய்த ஏற்பாடு. அதையும் ஏமாத்தலாம் என்று காற்றளக்கிற கருவியில கைவைத்தவர்கள் இருந்தார்கள். கணினி குறைந்த காற்று என்று நினைத்துக் குறைந்த பெற்றோல் கொடுக்கும். சிலிண்டருக்குள்ள நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் உடையும், இல்லாட்டி உருகும். மீன்தொட்டி வால்வின் விலையில் தொடங்கினது புது எஞ்சினில் முடிஞ்ச கதைகளும் நிறைய.

கெட்டிக்காரர் வேற வழியால போனார்கள். முதல் வாங்கினது அமுக்கம் காட்டும் மீற்றர். வலு கூட்டாத சாமானுக்குக் காசு செலவழிக்கிறது அந்த வயதில லேசில்லை. பிறகு காரின்ர பரிசோதனைத் துளையில மடிக்கணினியையோ கையடக்கப் பாம் கருவியையோ கொழுவி, எத்தனை தரம் நொக் அடிக்குது என்று ஓட ஓடப் பதிவுசெய்தார்கள். பெற்றோல் பம்புக்குப் பற்றரியிலயிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தார்கள். வோல்ற்றேச் கூட, அதே பம்ப் கூடத் தள்ளும். என்னைக் கேட்டால், குறைஞ்ச செலவில் வலு கூட்டின வரலாறு என்பது இந்தப் பதிவுகளின் வரலாறுதான். வால்வு எல்லாரிட்டையும் இருந்தது. அளந்து பார்த்தவரின் எஞ்சின் மிஞ்சினது.

1995இல் இரண்டாம் தலைமுறைக் கார் வந்தபோது இன்னொரு வேடிக்கை. கம்பனி 210 குதிரைவலு என்றது, ஆனால் மனுவல் கியர் கார்களில் டர்போ முந்தினதைவிடச் சின்னன். அப்ப புதுக் கார்க்காரர் பழைய காரின்ர டர்போவைத் தேடி உடைச்சு விற்கிற யாட்டுகளுக்குப் போனார்கள். பழைய கார்க்காரரோ புதுக் காரின்ர புகை மனிபோல்டையும் காற்றளவியையும் தேடினார்கள். பஞ்சிகாவத்தையில சாமான் தேடி அலைஞ்ச ஆக்களுக்கு இந்தச் சந்தோசம் விளங்கும்.

இரண்டாம் தலைமுறைக்கு ஒரு சாபமும் இருந்தது. சில எஞ்சின்களில் கிராங் தண்டு நீளவாக்கில் அசையத் தொடங்கும். காரை ஒரு பக்கம் திருப்பேக்க கிளச் மிதி தானாக வித்தியாசப்படும், அதுதான் அறிகுறி. ஏன் வருகுது என்பதில இன்றுவரை சண்டை. வலு கூட்டாத கார்களுக்கும் வந்ததால, பூஸ்டில மட்டும் பழி போடவும் ஏலாது. கியர்பெட்டி உடைஞ்சதுக்கு மட்டும் ஒரு சண்டையும் இல்லை. அது 195 குதிரைவலுவுக்குக் கணக்குப் போட்டுச் செய்த பெட்டி.

கம்பனி விட்டுவைத்த இடைவெளி வீணாக்கின வலு இல்லை. மோசமான பெற்றோல், கொதிக்கிற கோடை, எண்ணெய் மாற்ற மறக்கிற சொந்தக்காரர் என்று எல்லாத்துக்குமாக ஒரு பொறியியலாளர் ஒதுக்கி வைத்த சேமிப்பு அது. பொடியள் அதை எடுத்துச் செலவழித்தார்கள். இனி அந்தக் கவனம் காரின்ர சொந்தக்காரர் தலையில.

இப்ப கையே வைக்காத முதல் தலைமுறை டர்போ எக்லிப்ஸ் ஒன்றைக் கண்டுபிடிக்கிறது பெரும்பாடு. நோர்மல் தொழிற்சாலையில் மிற்சுபிஷி 2015இல் கார் செய்வதை நிறுத்தியது. 2017இல் ரிவியன் அதை வாங்கி, இப்போது அங்கே மின்சார வண்டிகள் செய்கிறது. கசியவிட றப்பர் குழாய் ஒன்றும் அதில் இல்லை.