அவிநாசி முதலைக் கதையும் நாடகத்தின் ஐந்து சந்திகளும்

தேர்வு வந்தால் க்ளைமாக்ஸ், கான்ட்ராஸ்ட் என்று மனப்பாடம் செய்கிறோம். நானும்தான். இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடினேன். கிடைத்ததை எழுதுகிறேன். உதாரணத்துக்கு நம்ம அவிநாசிக் கதையே போதும்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், நாடகக் கதை வளர்வதை ஐந்து சந்திகளாகப் பிரிக்கிறார். உவமை என்ன தெரியுமா? விவசாயம்! அதைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்ன கதையோடு பொருத்திப் பார்ப்போம்.

1. முகம்: உழுத நிலத்தில் விதை முளைப்பது. சுந்தரர் சேர நாட்டுக்குப் போகும் வழியில் அவிநாசி வருகிறார். எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் பூணூல் கல்யாண மங்கல ஒலி, மற்றதில் அழுகை.

2. பிரதிமுகம்: முளை நாற்றாவது. இரண்டு வீட்டுப் பையன்களும் குளிக்கப் போனதும், ஒருவனை முதலை விழுங்கியதும் தெரியவருகிறது.

3. கருப்பம்: பயிர் கதிரைக் கருக்கொள்வது. பையனைப் பறிகொடுத்த பெற்றோர் துக்கத்தைக் காட்டாமல் முகமலர்ந்து சுந்தரரை வணங்குகிறார்கள். அவனை மீட்காமல் போவதில்லை என்று அவர் முடிவு செய்கிறார்.

4. விளைவு: கதிர் முற்றுவது. இதுதான் க்ளைமாக்ஸ். குளக்கரையில் பதிகம் பாட, முதலை பையனைக் கரையில் விடுகிறது.

5. துய்த்தல்: அறுத்து, போரடித்து, உண்பது. பையன் தாயிடம் சேர்கிறான். அவனுக்கும் பூணூல் கல்யாணம் நடக்கிறது.

எதிரெதிர் வீடுகள்தான் முரண், அதாவது கான்ட்ராஸ்ட். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் மூன்று இங்கே வரிசையாக வருகின்றன: அழுகை, மருட்கை (வியப்பு), உவகை.

இந்தச் சொற்கள் நமக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகிய நாடக நூல்கள் தம் காலத்திலேயே மறைந்துவிட்டன என்கிறார் அடியார்க்குநல்லார். அவருடைய உரையை 1892-ல் உ.வே.சாமிநாதையர் அச்சிட்டார். ஐந்தே ஆண்டுகளில், 1897-ல், பரிதிமாற் கலைஞர் 'நாடகவியல்' என்று புதிதாக ஓர் இலக்கண நூலே எழுதினார். 1926-ல் ஈழத்து விபுலானந்த அடிகள் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியர் நாடகங்களையே தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டினார்.

ஆங்கிலச் சொற்களை விட்டுவிடச் சொல்லவில்லை, மதிப்பெண் வேண்டுமே! ஆனால் ஒருமுறை நூல்களைத் தொலைத்தவர்கள் நாம். மிஞ்சிய சொற்களையும் தொலைக்க வேண்டாம். அடுத்த சினிமா பார்க்கும்போது கருப்பம் எது, விளைவு எது என்று யோசித்துப் பாருங்கள். மறக்கவே மறக்காது.