டெல்ஃப்ட் நகரில் ஒரு பகல்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையிலிருந்து கடல் கடந்து நெடுந்தீவுக்குச் செல்வோர் பலர். அத்தீவை ஆங்கில வழக்கில் இன்றும் ‘டெல்ஃப்ட்’ என்றே அழைக்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டில் வடபுலத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இங்குள்ள தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் என்றும், அனலைதீவு ரொட்டர்டாம் என்றும், நயினாதீவு ஹார்லெம் என்றும் பெயர் பெற்றன. அப்பெயர்களுட் பல வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயரைத் தந்த மூல நகரம் எத்தகையது? ஒரு பகற்பொழுதில் நடந்தே பார்த்து முடிக்கத்தக்க அச்சிறு நகரில், இலங்கையின் வரலாற்றோடு தொடர்புடையவை பெயரைத் தவிர வேறும் உளவா?

ஹேக் நகரிலிருந்து புகையிரதம் ஏறுவோர் கால்மணி நேரத்துள் டெல்ஃப்ட் நகரை அடைவர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருவோர்க்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நிலத்தின் கீழமைந்த நிலையத்திலிருந்து மேலேறி வந்து சிறிது தூரம் நடந்தால், ‘பழைய டெல்ஃப்ட்’ என்னும் கால்வாய் எதிர்ப்படும். இரு கரையிலும் மரங்கள். மரங்களின் பின்னே ஒடுங்கி உயர்ந்த செங்கல் வீடுகள். இடையிடையே வளைந்த சிறு பாலங்கள். நகரின் பெயரும் இக்கால்வாயிலிருந்தே பிறந்தது. தோண்டுதல் என்னும் பொருளுடைய பழைய ஒல்லாந்தச் சொல்லே அதன் அடி. தோண்டிய கால்வாயின் கரையில் எழுந்த ஊர் தோண்டல் என்றே பெயர் பெற்றது. 1246ஆம் ஆண்டில் ஹாலந்துப் பிரபு இரண்டாம் வில்லியம் அதற்கு நகர உரிமை வழங்கினான்.

இக்கால்வாய்கள் கண்ணுக்கு இனியவை. ஆயினும் அழகுக்காகத் தோண்டப்பட்டவை அல்ல. நகரைச் சூழ்ந்துள்ள நிலத்திற் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குத் தாழ்ந்தது. ஒருகாலத்தில் அது நீர் ஊறிய சதுப்பு நிலம். நீரை வடித்தால் பயிர் செய்யலாம். ஆனால் நீர் வடிய வடிய அந்நிலம் இறுகித் தாழும். தாழ்ந்த நிலத்தில் மீண்டும் நீர் தேங்கும். ஆகவே வடித்தல் என்னும் தொழில் ஒருமுறை செய்து முடிப்பதன்று. தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டியது. ஒருவன் தன் பங்கு அணையைப் பேணாது விட்டால் அயலானின் வயலும் அழியும். இவ்வுண்மையை உணர்ந்த மக்கள் அணைகளையும் மதகுகளையும் கண்காணிக்கச் சபைகளை அமைத்தனர். டெல்ஃப்ட் பகுதியின் நீர்ச்சபை 1289 முதல் வருவது, இன்றும் இயங்குவது. கால்வாயின் கரையில் உள்ள அதன் மாளிகை பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு செல்வரின் இல்லமாகக் கட்டப்பட்டது. நகரின் பெரும்பகுதியை எரித்த 1536ஆம் ஆண்டின் தீயிலிருந்து தப்பிய கட்டடங்களுள் அதுவும் ஒன்று. இலங்கையின் வரண்ட பகுதிகளில் முன்னோர் குளங்கட்டி நீரைத் தேக்கினர். இவர்களோ வாய்க்கால் வெட்டி நீரை நீக்கினர். செயல் மாறினும், ஊர் கூடி நீரை ஆளவேண்டும் என்ற அறம் ஒன்றே.

மாளிகைக்கு அண்மையில் பழைய தேவாலயத்தின் கோபுரம் தோன்றும். 75 மீற்றர் உயரமான அக்கோபுரம் ஏறக்குறைய இரண்டு மீற்றர் சாய்ந்து நிற்கின்றது. மண்ணிட்டு நிரப்பிய பழைய நீரோட்டத்தின் மேல் அதனை எழுப்பியதே காரணம் என்பர். அத்தேவாலயத்தில் இருவரின் அடக்க இடங்கள் உள்ளன. ஒருவர் ஓவியர் வெர்மீர். மற்றவர் துணி வணிகராயிருந்து, தம் கையாற் கடைந்த சிறு கண்ணாடி வில்லைகளினூடே ஒரு நீர்த்துளியில் உலவும் நுண்ணுயிர்களைக் கண்டறிந்த லேவன்ஹூக். இருவரும் 1632ஆம் ஆண்டில் இந்நகரிற் பிறந்தவர்கள். அதே ஆண்டில் இங்குப் பிறந்த மூன்றாம் ஒருவரின் பெயரை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

தேவாலயத்தின் எதிரே, கால்வாயின் மறுபுறம் உள்ளது அரசகுமாரர் மாளிகை. முன்னர் கன்னியர் மடமாக இருந்த இக்கட்டடத்தில், ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் தலைவரான ஒறேஞ்சு வில்லியம் வாழ்ந்தார். அவர் தலைக்கு ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பு விலை குறித்திருந்தான். 1584ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், உணவருந்தி வெளியே வந்த வில்லியத்தைப் பல்தசார் ஜெரார் என்பவன் மாடிப்படியின் அருகே சுட்டுக் கொன்றான். அக்குண்டுகள் துளைத்தனவாகக் காட்டப்படும் துளைகள் சுவரில் இன்றும் பேணப்படுகின்றன. அவர் குடும்பத்தின் கல்லறைகள் இருந்த பிரேடா நகரம் அப்போது பகைவர் கையில் இருந்தமையால், அவரை டெல்ஃப்ட் நகரத்துப் புதிய தேவாலயத்தில் அடக்கஞ் செய்தனர். அன்று நேர்ந்த அவ்வழக்கம் மரபாயிற்று. ஒல்லாந்த அரச குடும்பத்தினர் இறந்தால் இன்றும் அங்கேயே அடக்கம் பெறுகின்றனர்.

புதிய தேவாலயம் சந்தைச் சதுக்கத்தின் ஒரு தலையில் உள்ளது. அதன் கோபுரம் ஏறக்குறைய 109 மீற்றர் உயரம். அதன் முன்னே, சதுக்கத்தில் நிற்கும் சிலை ஹியூகோ குரோஷியஸ் என்னும் சட்ட அறிஞருடையது. 1583இல் இந்நகரிற் பிறந்த அவர், அத்தேவாலயத்திலேயே துயில்கின்றார். இலங்கையிலிருந்து செல்லும் பயணி சற்றே நீடித்து நிற்கவேண்டிய இடம் இச்சிலையின் அடியாகும்.

1603ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நீரிணையருகே ஒல்லாந்தர் ஒரு போர்த்துக்கேயக் கப்பலைக் கைப்பற்றினர். சாந்தா கதரீனா என்பது அதன் பெயர். அதிலிருந்த சீனப் பீங்கானும் பட்டும் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்திற் பெருவிலை பெற்றன. இச்செயல் கொள்ளையா, முறையான போரா என்ற வினா எழுந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வேண்டுகோளின்படி இளைஞரான குரோஷியஸ் அதற்கு வாதம் எழுதினார். அதன் ஒரு பகுதி 1609இல் ‘சுதந்திரமான கடல்’ என்னும் பொருள்படும் இலத்தீன் தலைப்போடு நூலாக வெளிவந்தது. கடல் எவருக்கும் தனியுடைமை ஆகாது. வாணிகஞ் செய்யும் உரிமை எல்லா மக்களுக்கும் பொது. கீழைத் தீவுகளுக்குத் தம் மன்னரும் தம் சட்டங்களும் உண்டு. ஆதலின் போர்த்துக்கேயர் அவற்றுக்கு உடையவர் அல்லர். இதுவே அந்நூலின் சாரம். அத்தீவுகளுள் ஒன்றாகத் தப்ரபேன் என்ற பெயரும் அதில் வருகின்றது. பண்டைக் கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர் அது; அக்கால ஐரோப்பியர் சிலர் அதனைச் சுமாத்திராவுக்கும் வழங்கியதுண்டு.

சொல்லிய நீதி எவ்வாறு நடைமுறையாயிற்று? சந்தைச் சதுக்கத்திலிருந்து தெற்கே திரும்பிப் பழைய டெல்ஃப்ட் கால்வாயின் வழியே சென்றால் அதற்கு விடை கிடைக்கும். அங்கே கிழக்கிந்திய மாளிகை நிற்கின்றது. 1602இல் அமைந்த கம்பனிக்கு ஆறு நகரங்களிற் கிளைச்சபைகள் இருந்தன. வாணிகத்திற் பாதி ஆம்ஸ்டர்டாமுக்கு. கால்பங்கு மிடில்பேர்க் நகரில் இருந்த சீலாந்துச் சபைக்கு. எஞ்சிய நான்கு நகரங்களுக்கும் பதினாறில் ஒரு பங்கு வீதம். அந்நான்கனுள் ஒன்று டெல்ஃப்ட். கடலில்லாத இந்நகரம் மாஸ் ஆற்றின் கரையில் தனக்கென ஒரு துறைமுகத்தை முன்னரே அமைத்து, அதுவரை நீர்வழியும் கொண்டிருந்தது. கறுவாவும் மிளகும் துணியும் அவ்வழியே வந்தன. ஐரோப்பியர் பெரிதும் விரும்பிய சீனப் பீங்கான், 1644இல் மிங் வமிசம் வீழ்ந்தபின் குறைந்தது. அக்குறையை நிரப்ப இந்நகரத்துக் குயவர் களிமண் கலங்களுக்கு வெண்பூச்சிட்டு நீலச் சித்திரம் வரைந்தனர். நலிந்த மதுவடிசாலைகள் பல குயச்சாலைகளாயின. 1653இல் நிறுவப்பட்ட ஒன்று இன்றும் தொழில் செய்கின்றது.

அதே கம்பனி 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கவர்ந்தது. அதன்பின் இலங்கையைச் சூழ்ந்த கடல் சுதந்திரமான கடலாக இருக்கவில்லை. சுதேச வணிகர் கம்பனியின் அனுமதிச் சீட்டின்றித் தோணியோட்ட முடியாதாயிற்று. கறுவாவும் யானையும் கம்பனியின் உடைமையாயின. யாழ்ப்பாணத்துத் தீவுகளிற் கிண்டிய சாயவேரும் கம்பனியின் பண்டசாலைக்கே சென்றது. போர்த்துக்கேயர்க்கு மறுத்த உரிமையை ஒல்லாந்தர் தமக்கு எடுத்துக்கொண்டனர். இம்முரண்பாடு குரோஷியஸின் வாழ்நாளிலேயே வெளிப்பட்டது. 1613இல் அவர் இலண்டன் சென்று, கீழைத் தீவினருடன் ஒல்லாந்தர் செய்த ஒப்பந்தங்களைக் காட்டித் தனி வாணிக உரிமைக்காக வாதாடினார். ஆங்கிலேயர் அவருடைய நூலின் வாதங்களையே எடுத்து அவர்க்கு மறுமொழி கூறினர்.

ஆயினும் வரலாறு ஒரு பக்கமே சாய்வதன்று. 1632இற் பிறந்த மூன்றாமவர் பிலிப்புஸ் பால்தேயுஸ் என்னும் பாதிரியார். யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான காலம் தொட்டுச் சில ஆண்டுகள் அங்குப் பணிபுரிந்து, தமிழும் கற்றார். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவர் நூல் மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றை விவரிக்கின்றது. தமிழ் எழுத்துக்களும் அதில் அச்சாகியுள்ளன. சைவத்தை அவர் பகைமையோடே நோக்கினார். எனினும் அக்கால யாழ்ப்பாணத்தை ஆராய்வோர் அந்நூலை ஒதுக்கிவிட இயலாது.

இனி, குரோஷியஸும் வேறொரு வழியில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அரசியற் பூசலாற் சிறைப்பட்ட அவர், சிறையிலிருந்தவாறே ஒல்லாந்தச் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். 1621இல் நூல்கள் கொண்டுசெல்லும் பெட்டியில் ஒளிந்து தப்பினார்; அந்நூல் 1631இல் வெளியாயிற்று. கம்பனியோடு இலங்கைக்கு வந்த உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயரும் தொடரவிட்டனர். அது இன்றும் இந்நாட்டின் பொதுச் சட்டமாக உள்ளது. நீதிமன்றங்களில் குரோஷியஸின் பெயர் மேற்கோளாக ஒலிக்கின்றது. வடபுல மக்களின் வழக்காறுகளைத் தேசவழமை என்று 1707இல் தொகுப்பித்ததும் ஒல்லாந்தரே. தீவினருக்குத் தம் சட்டம் உண்டு என்ற கூற்றை, கடலில் மறந்த கம்பனி நிலத்தில் ஓரளவு நினைவுகூர்ந்தது எனலாம்.

பொழுது சாயும் வேளையில் பயணி நகரின் தென்புறத்துப் பழைய துறையை அடைவர். வெர்மீர் 1660ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ‘டெல்ஃப்ட் காட்சி’ இத்துறையின் மறுகரையிலிருந்து கண்டதே. அவ்வோவியம் ஹேக் நகரத்து மொரிட்ஸ்ஹவுஸ் காட்சிச்சாலையில் உள்ளது. அதிற் காணும் நகரவாயில்கள் இன்று இல்லை. வெயில் படிந்த புதிய தேவாலயத்தின் கோபுரம் இன்றும் நிற்கின்றது. அமைதியான அந்நீர்ப்பரப்பை அவர் வரைந்துகொண்டிருந்த நாட்களில், அவரோடொத்த வயதினரான பால்தேயுஸ் யாழ்ப்பாணத்தில் இருந்தார். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளுக்கிடையே நன்னீருக்கு ஏங்கிய மக்கள், நீரை வெளியேற்ற அல்லற்பட்ட ஒரு நகரின் பெயரைத் தம் ஊர்ப்பெயராகப் பெற்றிருந்தனர். பெயரிட்டவர் அவர்களைக் கேட்கவில்லை. தம் வயலைக் காக்க அயலானின் வயலையும் காக்க வேண்டும் என்று கற்ற மக்கள், அவ்வறத்தைக் கடல் கடந்து கொண்டுவர மறந்தனர். டெல்ஃப்ட் கால்வாயின் கரையில் ஒரு பகல் நடப்போர், அதன் அழகோடு இதனையும் எண்ணித் திரும்புதல் தகும்.