கையொப்பப் பதிப்பும் பாட உரிமையும்: சீவகசிந்தாமணி, 1887

கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர் ஆராய்ந்துவந்த சீவகசிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கத் தருமாறு சி.வை.தாமோதரம் பிள்ளை கேட்டார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்ட பிள்ளையவர்களுக்குப் பதிப்பனுபவம் மிகுதி. எனினும் ஐயர் இணங்கவில்லை. நூல் வெளிவருமுன்பே வாங்குவதாக உறுதியளித்த கையொப்பக்காரர்களின் துணையுடன் 1887இல் தாமே அதனை வெளியிட்டார்.

பிறரிடம் ஒப்படைத்திருப்பின் அச்சுக்கூலி, காகித விலை பற்றிய கவலைகள் அவரை வருத்தியிரா. ஆயின் பாடத்தை முடிவுசெய்யும் உரிமையும் உடன் கைமாறியிருக்கக்கூடும். அம்மறுப்பைப் பிடிவாதம் எனக் கொள்வார் இங்குக் கருதவேண்டியது ஒன்றுண்டு: சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பையும் (1907) மூன்றாம் பதிப்பையும் (1922) திருத்தங்களுடன் கொணர்ந்தவரும் ஐயரே.