பெயர்ச் சான்றும் கட்டடச் சான்றும்: மும்பையின் மாகிம் உப்பங்கழிப் பகுதி

இடப்பெயரை மட்டும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுங்கால் நேரும் இடர்ப்பாட்டினை மாகிம் உப்பங்கழிப் பகுதி நன்கு விளக்குகின்றது. குசராத்துச் சுல்தான் பகதூர்ஷா 1534இல் இத்தீவுகளைப் போர்த்துக்கீசியருக்கு அளித்தார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசின் திருமணத்தையொட்டி எழுந்த 1661ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பம்பாய் ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று. வடக்கேயுள்ள சால்செட் போர்த்துக்கீசியரிடமே நின்றது. உப்பங்கழி எல்லையாயிற்று.

1737இல் மராத்தியர் சால்செட்டினுள் புகுந்தனர். அவ்வாண்டே ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் தாராவியில் காவற்கோட்டை கட்டப்பெற்றதை அதன் கல்வெட்டு உணர்த்துகின்றது. ரீவா கோட்டை எனப்படும் இதனை மக்கள் 'காலா கில்லா' என்பர். 'கருங்கோட்டை' என்பது பொருள். அருகிலுள்ள பேருந்துப் பணிமனைக்கும் அதுவே பெயர்.

இதற்கு மறுதலையாக, மாதுங்காவை அடுத்த தாதரில் 1596இல் நிறுவப்பெற்ற சால்வசாவ் அன்னை தேவாலயம் 'போர்த்துக்கீசியர் சர்ச்' என்றே வழங்குகின்றது. ஆயின் இன்றுள்ள கட்டடம் 1970களில் சார்லஸ் கொரியா வடிவமைத்ததாகும்.

முன்னதில் கல் நிற்கக் கட்டியோர் பெயர் மறைந்தது. பின்னதில் கட்டடம் மாறப் பெயர் நின்றது. எனவே பின்னதைப் 'போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயம்' என விரித்து மொழிபெயர்ப்பது பிழையாகும். ஈண்டுப் பெயரடை நிறுவியோரைச் சுட்டுமேயன்றிக் கட்டடத்தைச் சுட்டாது. 'காலா கில்லா'வைச் சிறப்புப்பெயராகவே கொண்டு, பொருளை ஒருமுறை விளக்குதல் தகும். சிதைந்துவரும் அக்கோட்டையின் கல்வெட்டு அழியின், கட்டியோர் யாரென அப்பெயர் உரைக்காது.