உளுந்தும் பழைய இட்டலியும்

கறுப்புத் தோல் போர்த்த உளுந்து பாரத நாட்டுக்கே உரிய பயறு. வடமொழியில் அதன் பெயர் மாஷம். பொன்னை நிறுக்கவும் இச்சிறு மணியே அளவாக இருந்தது. 10 உளுந்தின் எடை ஒரு பொன் மாஷகம் என்கிறது அர்த்தசாத்திரம். சங்க நூல்களில் இது 'உழுந்து' எனப்படும். அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் திருமண வீட்டில், உளுந்து சேர்த்துச் சமைத்த உணவே விருந்தினர்க்குப் படைக்கப்படுகிறது. நெல்லைச் சீமையில் தோல் நீக்காத உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், பூப்பெய்திய பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கூட்டிக் கிண்டித் தரும் களியும் இன்றும் வழக்கில் உள்ளன.

ஆயினும் உளுந்துக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது இட்டலியே. அதன் பெயர் முதலில் கிடைப்பது சமண நூலில். 10ஆம் நூற்றாண்டில் சிவகோட்டியாசாரியர் கன்னட உரைநடையில் இயற்றிய வட்டாராதனை, இல்லம் வந்த பிரமசாரிக்கு ஒரு பெண் படைத்த 18 உணவுகளுள் 'இட்டலிகெ'யையும் குறிப்பிடுகிறது. அதனை எவ்வாறு செய்தனர் என்பது அங்கே சொல்லப்படவில்லை.

செய்முறையைத் தருவது ஏறக்குறைய 1025இல் எழுந்த லோகோபகாரம் என்னும் கன்னட நூல். உளுந்தை மோரில் ஊறவைத்து நைய அரைத்து, தயிரின் தெளிநீரும் மிளகு, சீரகம், கொத்துமல்லி, பெருங்காயமும் சேர்க்க வேண்டும் என்கிறது அது. இதன் ஆசிரியர் பெயர் சாவுண்டராயர். அப்பெயரைக் கண்டதும், சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை நிறுவியவரே இவர் என்று எண்ணி, இட்டலியின் செய்முறையும் சமணர் கொடையே என மகிழத் தோன்றும். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. முன்னவர் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கங்கர் அமைச்சர். பின்னவர் மேலைச் சாளுக்கிய மன்னன் சயசிம்மனின் ஆதரவில் இருந்த சைவர்.

செய்முறையும் இதையே உணர்த்துகிறது. இரண்டாகப் பிளக்கும் பயற்றைக் காய்ச்சாத மோருடனோ தயிருடனோ கூட்டுவது 'துவிதளம்' என விலக்கப்படுவதை நம் இல்லங்கள் அறியும். ஆசாதரரின் சாகாரதர்மாமிருதம் அதனைக் கூறுகிறது. அந்நூல் 13ஆம் நூற்றாண்டினது. ஆதலின் இதனை முடிந்த சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் உளுந்தை மோரில் ஊறவைக்கச் சமண ஆசிரியர் ஒருவர் சொல்லியிருப்பாரா என்பது எண்ணத்தக்கது.

அடுத்து, 1130ஐ ஒட்டிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம் 'இடரிகா'வைப் பேசுகிறது. அங்கும் உளுந்து மாவின் சிறு உருண்டைகளும் மிளகு, சீரகம், பெருங்காயமுமே உள்ளன. அரிசி இல்லை, மாவை இரவு முழுவதும் புளிக்க விடுதல் இல்லை, ஆவியில் வேகவைத்தலும் இல்லை. உணவு வரலாற்றறிஞர் கே.டி. அச்சயா இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இன்றைய இட்டலியின் மென்மைக்கு அந்தப் புளிப்பே காரணம். மாவில் பெருகும் நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயுவை உளுந்தின் வழுவழுப்பு வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. அந்த நுண்ணுயிர்ப் பெருக்கத்தைக் கருதியே நோன்பு நாட்களில் புளித்த மாவை விலக்குவோர் நம்மிடையே உளர். அரிசியும் புளிப்பும் அறியாத அப்பழைய பண்டத்தை, பெயரால் இட்டலிக்கும் பொருளால் உளுந்து வடைக்கும் உறவு எனக் கொள்வதே பொருத்தம்.